எப்படி இயங்குகிறது? பம்ப் ஸ்டவ்வும் பழைய தோட்ட டிராக்டரும்

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் சமைத்துப் பழகியவர்களுக்கு ஒரு பழைய தோட்ட டிராக்டரின் எஞ்சினைச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். ஸ்டவ் எரியவில்லை என்றால் என்ன செய்வார்கள்? டேங்கில் எண்ணெய் இருக்கிறதா, பம்ப் அடித்தால் காற்று நிற்கிறதா, நாசிலில் அடைப்பா, பர்னர் சூடேறியதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். நாசிலில் ஸ்டவ் பின்னை விட்டு ஒரு குத்து, தோல் வாசருக்கு இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். அடுப்பு மறுபடி இரைய ஆரம்பித்துவிடும். எரியவில்லை என்பதற்காகப் பித்தளை ஸ்டவ்வைத் தூக்கிப் போட்டவர்கள் குறைவு. 1960களில் அமெரிக்காவில் செய்த தோட்ட டிராக்டர்களும் அதே ரகம்தான். உள்ளே மறைவாக எதுவும் இல்லை. கழற்றினால் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் சரிசெய்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க நகரங்களின் ஓரங்களில் வீடுகள் பெருகின. வீட்டைச் சுற்றி அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் நிலம் வைத்திருந்தவர்கள் பலர். கையால் தள்ளும் மிஷினில் அவ்வளவு புல்லையும் வெட்டி மாளாது. பண்ணை டிராக்டரோ வீட்டுக்கு மிகப் பெரியது. இந்த இடைவெளியில்தான் சின்ன டிராக்டர் பிறந்தது. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் பாண்ட் குடும்பத்தார் 1946இல் தொடங்கிய தொழில் பிறகு வீல் ஹார்ஸ் என்று பெயர் பெற்றது; அவர்களுடைய வண்டிகள் சிவப்பு. பெரிய கம்பெனிகள் சற்றுத் தாமதமாக வந்தன. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960இல் கப் கேடட்டை இறக்கியது. ஜான் டியர் 1963இல் 110 என்ற மாடலோடு வந்தது. அது விஸ்கான்சின் மாநிலத்தின் ஹொரிக்கான் ஆலையில் தயாரானது.

இவற்றில் கப் கேடட் 100ஐ எடுத்துக்கொள்கிறேன். 1963 முதல் 1965 வரை வந்த மாடல், மஞ்சளும் வெள்ளையும் அடித்த வண்டி. அதில் இருப்பது கோலர் கம்பெனியின் கே-241 எஞ்சின்: ஒரே சிலிண்டர், 391 சிசி, 10 குதிரைத்திறன், காற்றால் குளிர்வது, வார்ப்பிரும்பு உடல். குளியலறைக் குழாய்களிலும் வாஷ்பேசின்களிலும் பார்க்கும் அதே கோலர்தான். வார்ப்பிரும்பு வேலையில் பழகிய கம்பெனி என்பது இந்த எஞ்சினைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கே வரிசையின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களை ஜான் டியரிலும் வீல் ஹார்ஸிலும்கூடப் பொருத்தினார்கள். ஆகவே எஞ்சினைப் பற்றி இங்கே சொல்வதில் பெரும்பகுதி மஞ்சள் கப் கேடட், பச்சை ஜான் டியர், சிவப்பு வீல் ஹார்ஸ் மூன்றுக்கும் பொருந்தும்.

இன்று கடைகளில் கிடைக்கும் புல்வெட்டும் வண்டியும் இதுவும் ஒன்றல்ல. அது புல்லின் மேல் ஓடுவதற்குச் செய்தது. தகட்டுச் சட்டம், இலகுவான கியர் பெட்டி. தோட்ட டிராக்டர் மண்ணைக் கிழிக்கச் செய்தது. பின்னால் கலப்பை மாட்டலாம், முன்னால் பனி தள்ளும் பலகை கட்டலாம், கீழே புல்வெட்டும் டெக்கைத் தொங்கவிடலாம். கப் கேடட்டின் பின்பக்கக் கியர் பெட்டி, அதே கம்பெனியின் ஃபார்மால் கப் என்ற சிறிய பண்ணை டிராக்டரின் வழியில் வந்தது. அறுபது வருஷமாகியும் அந்தக் கியர் பெட்டிகள் உடையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது அடுப்புக்கு வருவோம்.

பம்ப் ஸ்டவ்வின் உயிர் அந்தத் தோல் வாசர். அது காய்ந்து சுருங்கிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று பக்கவாட்டில் நழுவிப் போகும். டேங்கில் அழுத்தம் ஏறாது. எஞ்சினில் அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளும், உள்ளே விட்டு வெளியே அனுப்பும் இரண்டு வால்வுகளும். பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. மேலே ஏறும்போது அதை இறுக்குகிறது. இறுகிய கலவை தீப்பிடித்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி ஏறும்போது புகை வெளியே போகிறது. இந்த நான்கு நடைக்கும் அடிப்படை அந்த இறுக்கம். அது இல்லையென்றால் புது பிளக்கும் புது கார்புரேட்டரும் வாங்கிப் போட்டும் பயன் இல்லை. அதனால்தான் பழைய வண்டியைப் பார்த்தவுடன் பெட்ரோல் ஊற்றாமல் முதலில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சுற்றவில்லை என்றால் பிஸ்டன் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு ஃப்ளைவீலை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அசையும், பிறகு நிற்கும். மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. சுத்தியலால் அடிக்கவே கூடாது. ஃப்ளைவீலின் விசிறி இறக்கைகள் வார்ப்பில் வந்தவை. ஒன்று உடைந்தால் சமநிலை போய்விடும். சுற்றுகிறது என்றால் இறுக்கம் இருக்கிறதா என்று அடுத்துப் பார்க்கலாம். கே வரிசையின் பிற்கால எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்வது எளிதாக இருக்க, மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிவைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அப்படிப்பட்ட எஞ்சினில் சாதாரண அழுத்தமானியை மாட்டினால் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து நல்ல எஞ்சினைப் பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஃப்ளைவீலை எதிர்த்திசையில், வேகமாக ஒரு சுண்டு சுண்டுங்கள். கையை எதிர்த்துத் துள்ளித் திரும்பினால் ரிங்கும் வால்வும் உயிரோடு இருக்கின்றன.

துள்ளவில்லையென்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. இது சைடு வால்வு எஞ்சின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன, ஹெட் என்பது மேலே போல்ட்டால் இறுக்கிய வெறும் மூடி. எடுத்துப் பார்த்தால் ஸ்டவ் பர்னரில் படிந்த கரியைப் போலவே பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி அப்பியிருக்கும். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுத்துவிட்டு, வால்வு சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, புது கேஸ்கெட் வைத்து மூடலாம். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் ஹெட் வளைந்துவிடும்.

இறுக்கம் இருக்கிறது, இனி தீக்குச்சி. ஸ்டவ்வுக்கு ஒருமுறை கிழித்தால் போதும், பிறகு தானாக எரிந்துகொண்டிருக்கும். எஞ்சினுக்கு ஒவ்வொரு எரிப்புக்கும் ஒரு குச்சி வேண்டும். நிமிஷத்துக்கு 3600 சுற்று ஓடும்போது இரண்டு சுற்றுக்கு ஒரு எரிப்பு. அதாவது வினாடிக்கு 30 குச்சி, ஒவ்வொன்றும் சரியான நொடியில். இந்த வேலையைச் செய்வது பிளாட்டினம் பாயிண்ட். பழைய புல்லட் ஓட்டியவர்களும் அம்பாசிடர் வைத்திருந்தவர்களும் இதை மறந்திருக்க மாட்டார்கள். மெக்கானிக்குகள் சி.பி. பாயிண்ட் என்பார்கள்.

எஞ்சின் உடம்பின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று இருக்கும். கழற்றினால் உள்ளே இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் எதிரெதிரே முத்தமிட்டுக்கொண்டிருக்கும். கேம்ஷாஃப்டின் மேடு ஒரு மெல்லிய ஊசித்தண்டைத் தள்ள, தண்டு பாயிண்டைத் திறக்கிறது. மூடியிருந்தபோது காயிலில் ஓடிக்கொண்டிருந்த 12 வோல்ட் கரண்ட் சட்டென்று அறுபடுகிறது. அந்த அறுபடலில் காயிலின் மறுபக்கம் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக்கின் இடைவெளியில் பொறியாகத் தாண்டுகிறது. பக்கத்தில் உருளையாக இருக்கும் கண்டென்சர், பாயிண்டிலேயே பொறி பறந்து அது கருகிப்போகாமல் காக்கிறது.

வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியில் பழுது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். இரண்டு பொட்டுகளிலும் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியலாம், ஆனால் கரண்ட் போகாது. பாயிண்ட் தேய்க்கும் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு சுத்தமான கெட்டி அட்டையை நடுவில் விட்டு உருவினால் படலம் போய்விடும். எமரி பேப்பரின் மணல் பொட்டில் பதிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அடுத்து இடைவெளி. பாயிண்ட் முழுதாகத் திறக்கும் நிலைக்கு ஃப்ளைவீலைச் சுற்றி நிறுத்தி, 0.020 அங்குல ஃபீலர் கேஜைச் செருகுங்கள். இது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். தகடு லேசான உரசலோடு போய்வர வேண்டும். இறுக்கமாகப் பிடிக்கவும் கூடாது, தடையில்லாமல் ஆடவும் கூடாது. பிளக்கின் இடைவெளி 0.035 அங்குலம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஃப்ளைவீலில் ‘எஸ்’ என்று ஒரு குறி இருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வர 20 டிகிரி இருக்கும் இடம் அது. பாயிண்ட் சரியாக அங்கே திறக்க ஆரம்பிக்க வேண்டும். குச்சியை முந்திக் கிழித்தால் எஞ்சின் உதைக்கும், பிந்திக் கிழித்தால் சூடேறிச் சோர்ந்துபோகும்.

எஞ்சின் நின்ற பிறகும் சாவியைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சூடேறிக் கெட்டுப்போகும்.

நெருப்பும் சரி, அழுத்தமும் சரி என்றால் மிச்சம் எண்ணெய். ஸ்டவ்வில் டேங்கின் அழுத்தம் மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது. எஞ்சினில் பிஸ்டன் உறிஞ்சும் காற்று பெட்ரோலை இழுக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர இரண்டும் ஒரே கதை. கார்புரேட்டரின் நடுவில் ஒரு குறுகிய கழுத்து இருக்கிறது. அந்த இடத்தில் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது, கீழே கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக மேலே வந்து காற்றில் தூறலாகக் கலக்கிறது. கிண்ணத்தில் ஒரு ஃப்ளோட் மிதக்கிறது. பெட்ரோல் மட்டம் ஏறினால் அதுவும் ஏறி, வரும் வழியை ஊசியால் அடைக்கும்.

நாசிலில் ஒரு தூசு விழுந்தாலே ஸ்டவ் அணைந்துவிடும் என்றால், பத்து வருஷம் பெட்ரோலோடு நின்ற கார்புரேட்டர் எப்படி இருக்கும்? கிண்ணத்தைக் கழற்றியவுடன் பழைய வார்னிஷ் நாற்றம் வரும். அடியில் தேன் நிறத்தில் பிசின், அதற்கும் கீழே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகி மீதி பிசினாகிவிடுகிறது. அமெரிக்காவில் இன்று விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர்க் குழாய்கள் இளகி, உள்ளே உரிந்து, அந்தத் துகளும் ஜெட்டுக்கே வந்து சேரும். ஆகவே கார்புரேட்டரை மட்டும் கழுவி மாட்டினால் ஒரு வாரத்தில் மறுபடி அடைக்கும். டேங்கின் உள்துருவை எடுக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், நடுவில் ஒரு ஃபில்டர் போட வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்கும் ஊரென்றால் அதையே போடுங்கள்.

ஜெட்டைச் சுத்தம் செய்யக் கெட்டியான கம்பியை விடுவது ஆபத்து. ஸ்டவ் பின்கூட நாசிலின் அளவுக்கென்றே செய்த மெல்லிய கம்பிதான். கண்ட ஊசியையும் விட்டுக் குத்திப் பெரிதாக்கிய நாசில் மஞ்சளாகப் புகைந்துகொண்டே இருக்கும் என்பது சமையல்கட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். கேஸ்கெட்டும் ஊசியும் சேர்ந்து வரும் கிட் இன்றும் கிடைக்கிறது.

கலவையைச் சரிசெய்வதும் அடுப்புச் சுடரைப் பார்ப்பதும் ஒரே கலை. கார்புரேட்டரின் மேலே பிரதான ஊசித் திருகு. அதை விரல் பலத்தால் மட்டும் கடைசி வரை மூடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெருக்கினால் ஊசிமுனையில் வளையம் விழுந்து பிறகு எந்த அளவும் நிற்காது. மூடிய இடத்திலிருந்து இரண்டு, இரண்டரைச் சுற்று திறந்து வைத்து எஞ்சினை ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு வேகத்தில் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் ஓரிடத்தில் எஞ்சின் திணறும்: பெட்ரோல் போதவில்லை. திறந்துகொண்டே போனால் கரும்புகை விட்டு மந்தமாகும்: பெட்ரோல் மிகுதி. இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் மிகுதிப் பக்கமாக நிறுத்துங்கள். வேலை செய்துவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பாத்திரத்தின் அடியைப் பார்த்து அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்வதில்லையா? பிளக் கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் குறைவு, சூடு அதிகம். எண்ணெய் ஈரமாக இருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. இளம் பழுப்பாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

சோக் எதற்கு? குளிர்ந்த ஸ்டவ்வில் நேரே பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் குபீரென்று எரியும். அதனால்தான் பர்னர் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொளுத்திச் சூடேற்றுகிறோம். குளிர்ந்த எஞ்சினிலும் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதைச் சூடேற்ற வழியில்லாததால் காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது சோக். ஆவியான சிறு பங்கே பற்றிக்கொள்ளப் போதுமாகிவிடும். எஞ்சின் சூடேறியதும் சோக்கை முழுதாகத் திறக்க மறந்தால் மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும்.

பால் பொங்கும்போது அடுப்பைத் தணித்து, அடங்கும்போது ஏற்றி, பக்கத்திலேயே நிற்கும் ஒரு கை இருக்கிறதே, அதுதான் கவர்னர். எஞ்சினுக்குள் ஒரு பல்சக்கரத்தில் சிறு எடைகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் எடைகள் விரிந்து ஒரு தண்டைத் தள்ள, கார்புரேட்டரின் வாய் மூடுகிறது. கலப்பை கெட்டி மண்ணில் இறங்கி வேகம் குறைந்தால் எடைகள் சுருங்க, ஸ்பிரிங் வாயைத் திறந்து கூடுதல் பலம் கொடுக்கிறது. ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. இந்த ஸ்பிரிங்கை இறுக்கி அதிக வேகம் எடுக்கப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. 3600 சுற்றுக்கென்று செய்த கனெக்டிங் ராடும் ஃப்ளைவீலும் அதற்கு மேல் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு நாக்கு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது அடியிலிருக்கும் ஆயிலில் முங்கி எழுந்து, அள்ளி நாலாபக்கமும் தெளிக்கிறது. பிஸ்டன், கேம்ஷாஃப்ட், பேரிங் எல்லாவற்றுக்கும் அந்தத் தெளிப்புதான். ராட் அலுமினியத்தால் ஆனது. கிராங்கின் மேல் அதுவே நேராக உட்கார்ந்து சுழல்கிறது. ஆயில் மட்டம் இறங்கினால் நாக்குக்கு எட்டாது, ராட் வறண்டு பிடித்து உடையும், உடைந்த துண்டு எஞ்சின் உடம்பையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இந்த எஞ்சின்கள் செத்துப்போவதற்கு முக்கியமான காரணம் இது. கே-241க்கு ஏறத்தாழ 1.9 லிட்டர் ஆயில். வெயில் காலத்துக்கு 30 கிரேடு. தெளித்து வாழும் எஞ்சின் என்பதால் செங்குத்தான சரிவில் நெடுநேரம் சாய்ந்து நிற்கவும் கூடாது.

வாங்கியவுடன் எஞ்சின் மேல் போர்த்தியிருக்கும் தகட்டுக் கூட்டைக் கழற்றிப் பாருங்கள். ஃப்ளைவீல் விசிறியின் காற்று அந்தக் கூட்டுக்குள் ஓடித்தான் சிலிண்டரின் இறக்கைகளைக் குளிர்விக்கிறது. கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருக்கும்: வைக்கோல், பஞ்சு, காகிதத் துண்டு எல்லாம் இறக்கைகளுக்கு நடுவே கெட்டியாக அடைந்திருக்கும். அப்படியே ஓட்டினால் அரை மணியில் எஞ்சின் கொதித்துவிடும். நன்றாகக் காற்றுப் படட்டும் என்று கூட்டையே மாட்டாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். கூடு இல்லாவிட்டால் காற்று வேண்டிய இடத்துக்குப் போகாமல் சிதறிவிடும்.

ஸ்டார்ட் செய்யும் மோட்டாரும் பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவும் இதில் ஒன்றே. பெல்ட்டால் எஞ்சினோடு இணைந்த ஒரே உருளை. சாவியைத் திருப்பினால் எஞ்சினைச் சுழற்றும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கரண்ட் தரும். பெல்ட் தளர்ந்திருந்தால் இரண்டு வேலையும் கெடும். வேறு நுட்பம் இதில் பார்க்க அதிகமில்லை. கார்பன் பிரஷ்ஷும் பெல்ட்டும் மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

இனி அடுப்பை விட்டு இறங்கிவிடலாம். சக்கரம் சுற்றுவதற்குச் சமையல்கட்டில் உவமை தேட வேண்டியதில்லை. அன்றைய பல தோட்ட டிராக்டர்களில் எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு பெல்ட் போகும். கப் கேடட் 100இல் அப்படியில்லை. ஃப்ளைவீலிலிருந்து கிளட்ச், கிளட்சிலிருந்து இரும்புத் தண்டு, தண்டிலிருந்து நேரே கியர் பெட்டி. பண்ணை டிராக்டரின் அமைப்பு அப்படியே சிறுத்து வந்திருக்கிறது. தண்டின் இணைப்புகளில் உருளைப் பின்கள் இருக்கும். பின் போகும் ஓட்டைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் கிளட்சை விடும்போது ‘டக்’ என்று ஒரு அடி கேட்கும். புதுப் பின் மட்டும் போட்டால் அந்த நீள்வட்ட ஓட்டையில் அது நிற்காது. இணைப்பையே மாற்றவோ, ஓட்டையைச் சரிசெய்து போடவோ வேண்டும்.

கியர் பெட்டிக்கு ஏறத்தாழ 6.6 லிட்டர் ஹை-டிரான் என்ற ஆயில் பிடிக்கும். அந்த ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி வடித்தால் பல பெட்டிகள் தேறிவிடுகின்றன. கியர் மாற்றும் தண்டின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இவ்வளவும் முடிந்து வண்டி ஓடிய பிறகுதான் பெயிண்ட். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வண்டி கிடைத்தவுடன் முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் மணல் அடித்து, மஞ்சள் பூசி அடுக்கிவைத்து, பிறகு சேர்க்க முடியாமல் பெட்டிகளில் விற்றுவிடுகிறவர்கள் மிக அதிகம். முதலில் ஓடவையுங்கள், ஒரு பருவம் வேலை வாங்குங்கள், எங்கே ஒழுகுகிறது, எது ஆடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயிண்டைச் சுரண்டும்போதும் கவனம் வேண்டும்: அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, பழைய கிளட்ச் தட்டிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். முகமூடி போட்டு, ஈரமாக வைத்துத் தேயுங்கள்.

வேலை வாங்குவதிலும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: எஞ்சினை மெதுவாக ஓட்டினால் நெடுநாள் வரும் என்று. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இது நேர்மாறு. விசிறி ஃப்ளைவீலிலேயே இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும், ஆயில் தெளிப்பும் குறையும். சுமையோடு மெதுவாக முக்கி முக்கி ஓடும் எஞ்சின்தான் சீக்கிரம் தேயும். புல் வெட்டும்போதும் உழும்போதும் த்ராட்டிலை உரிய முழு வேகத்தில் வைத்துவிட்டு, வண்டியின் வேகத்தைக் கியரால் தேர்ந்தெடுங்கள். முன்னோக்கிப் போக மூன்று கியர், பின்னோக்கிப் போக ஒன்று. உயரமான ஈரப் புல்லுக்கு முதல் கியர், காய்ந்த புல்தரைக்கு இரண்டாவது. வண்டிப் பெட்டியில் விறகு ஏற்றிக்கொண்டு சமதளத்தில் போக மூன்றாவது. பனிக்காலத்தில் பலகை மாட்டும்போது பின்சக்கரங்களில் எடையும் சங்கிலியும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் 10 குதிரைத்திறனும் சக்கரத்தை வழுக்கவைக்கவே போகும்.

இந்தப் பழைய வண்டியில் இருக்கையோடு இணைந்த பாதுகாப்பு சுவிட்ச் கிடையாது. இன்றைய வண்டியில் ஆள் இருக்கையைவிட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இதில் விழுந்தாலும் கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். காயிலுக்குப் போகும் ஒயரில் ஓர் இருக்கை சுவிட்சைத் தொடராக இணைப்பது சின்ன வேலை. பழைய அழகு கெட்டுவிடும் என்று இதை எதிர்ப்பவர்களின் வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. குழந்தைகள் ஓடும் வீட்டில் இந்த சுவிட்ச் இல்லாமல் டெக்கின் கத்தியைச் சுழலவிடவே கூடாது. சரிவில் குறுக்கே போகாமல் நேர் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கவிழ்ந்தால் காக்கும் சட்டம் இதில் இல்லை.

குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்துங்கள். புது ஆயிலோடு நிறுத்துங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். வசந்தத்தில் முதல் வேலையாக எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கி, ஒரு ஏக்கர் புல்லோடு மல்லுக்கட்டும் நம்மவர்கள் இன்று நிறையப் பேர். பக்கத்துக் கொட்டகையில் இப்படி ஒரு மஞ்சள் வண்டி துருப்பிடித்து நிற்பதைப் பார்த்தால், பழைய இரும்புக்குப் போகும் முன் ஒருமுறை போய்க் கேளுங்கள். பையில் பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஒரு டார்ச் போதும். ஃப்ளைவீல் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுண்டினால் துள்ள வேண்டும், எஞ்சின் உடம்பில் துளையோ வெல்டிங் அடையாளமோ இருக்கக் கூடாது, கியர்கள் எல்லாம் விழ வேண்டும். இந்த நான்கும் சரியென்றால் டயரும் சீட்டும் பெயிண்டும் எப்படி இருந்தாலும் வாங்கலாம். எஞ்சின் உடம்பில் துளை இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் உதிரிப் பாகத்துக்கு மட்டும் வாங்குங்கள்.